காலில் நீர் கோத்தால்: வீக்கமும் ஹோமியோபதியும், ஓர் எளிய விளக்கம்

பெரியம்மாவுக்கு வீக்கம் முதலில் தெரிந்தது மெட்டியில்தான். முப்பது வருஷமாக விரலில் தளர்வாகச் சுற்றிக்கொண்டிருந்த மெட்டி, ஒரு சாயங்காலம் சோப்பு போட்டும் கழலவில்லை. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. "வயசாச்சுல்ல, கால்ல நீர் கோத்திருக்கு" என்றார்கள் பக்கத்து வீட்டில். ஏற்கெனவே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை விழுங்கி அலுத்துப் போயிருந்த பெரியம்மா, இதற்கும் இன்னொரு மாத்திரையா என்று ஹோமியோபதி மருத்துவரிடம் போனார். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாராம். தாகம் எப்படி, தூக்கம் எப்படி, குளிர் பிடிக்குமா, வெயில் பிடிக்குமா, அழுகை வருமா என்றெல்லாம். வெள்ளைச் சீனி உருண்டைகள் கொடுத்தார். நான்கு மாதம் போனது. வீக்கம் சில நாள் வடிந்தது, சில நாள் கூடியது.

பிறகு வேறொரு காரணத்துக்காகப் பார்த்த மருத்துவர், மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பச் சொன்னார். பிரஷருக்கு எடுத்துவந்த அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக ஏற்றிய பிறகுதான் வீக்கம் தொடங்கியிருக்கிறது. அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் கால் பழையபடி ஆனது.

அந்த நான்கு மாதத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீக்கத்துக்கு ஹோமியோபதி என்ன செய்கிறது, எந்த யோசனையில் செய்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக. அதற்கு முன்னால், வீக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும். அது புரியாமல் எந்த மருந்தைப் பற்றிப் பேசினாலும் பயனில்லை.

நீர் எங்கிருந்து வருகிறது?

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பெரும்பகுதி செல்களுக்கு உள்ளே. மூன்று லிட்டர் அளவு ரத்தத்தின் நீர்ப்பகுதியாக ஓடுகிறது. செல்களுக்கு இடையிலுள்ள சந்துபொந்துகளில் பத்து, பதினொரு லிட்டர் இருக்கும். வீக்கம் என்று நாம் பார்ப்பது இந்த மூன்றாவது இடத்தில் நீர் அளவுக்கு மீறித் தேங்குவதைத்தான்.

தந்துகிகள் என்று சொல்லும் மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாக நீர் எப்போதும் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. செல்களுக்கு உணவு போய்ச் சேர்வதே அப்படித்தான். உள்ளிருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. இந்தத் தள்ளுமுள்ளைப் பற்றி 1896-ல் எழுதியவர் இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். மிச்சமாக வெளியே நிற்கும் நீரை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டு போய்த் திரும்ப ரத்தத்தில் சேர்க்கின்றன. வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லையும் அதைச் சுற்றியுள்ள வாய்க்காலையும் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதிகம் ஊற்றினாலும் தேங்கும், வாய்க்கால் அடைத்தாலும் தேங்கும்.

ஆக, வீக்கம் ஒரு நோயின் பெயர் இல்லை. பல நோய்கள் வந்து நிற்கும் ஒரே வாசல் அது. இதயம் தளர்ந்தால் ரத்தம் பின்னால் தேங்கி அழுத்தம் ஏறும், கால் வீங்கும். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டால் இழுத்துப் பிடிக்க அல்புமின் இருக்காது. காலையில் கண்ணிமையும் முகமும் உப்பும், சிறுநீர் நுரைக்கும். கல்லீரல் கெட்டால் அல்புமின் உற்பத்தியே குறையும், வயிற்றில் நீர் கட்டும். இதைத்தான் நம் வைத்தியர்கள் மகோதரம் என்றார்கள். யானைக்கால் நோயில் நிணநீர்க் குழாய்களையே புழு கெடுத்துவிடுகிறது. பெரியம்மாவுக்கு நடந்தது இன்னொரு வகை. அம்லோடிபின் ரத்தம் வந்து சேரும் பக்கத்துக் குழாய்களை நன்றாகத் திறந்துவிடுகிறது, திரும்பிப் போகும் பக்கத்தை அந்த அளவுக்குத் திறப்பதில்லை. அதனால் தந்துகியில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தாலும் பெரிதாகக் கேட்காது. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும், அதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டில் அரை லிட்டர் என்றால் அதில் 4.5 கிராம் உப்பு இருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். உடம்பில் 9 கிராம் உப்பு வெளியேறாமல் தங்கினால் அது ஒரு லிட்டர் நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. சாம்பார், ரசம், பொரியல், அதன்மேல் அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று போனால் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, முன்பக்கம் எலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பத்து விநாடி அழுத்துங்கள். விரலை எடுத்ததும் குழி விழுந்து மெல்ல மேலே வந்தால் நீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிசைந்த மாவில் விரல் வைத்தது மாதிரி இருக்கும். குழி விழாத வீக்கமும் உண்டு. தைராய்டு குறைவிலும், நாள்பட்ட யானைக்காலிலும் அப்படித்தான். இதயமோ சிறுநீரகமோ காரணமாக உடம்பெங்கும் நீர் சேரும்போது, கண்ணுக்கு இப்படிக் குழி தெரிவதற்குள் உள்ளே இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அதனால்தான் இதயநோய் உள்ளவர்களைத் தினம் காலையில் எடை பார்க்கச் சொல்கிறார்கள். கால் வீக்கத்தைவிட எடைமெஷின் முன்னதாகச் சொல்லிவிடும்.

ஒரு செடி, இரண்டு வழி

1775-ல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு கைவைத்தியக் குறிப்பைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ரோப்ஷயரில் ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்தது, உடம்பெல்லாம் நீர் கோத்தவர்களுக்குக் கொடுத்து வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் எனப்படும் டிஜிட்டாலிஸ் செடிதான் என்று விதரிங் கண்டுகொண்டார். பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதி 1785-ல் புத்தகமாக வெளியிட்டார். அளவு மீறினால் வாந்தி வரும், பார்வை மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும், நாடி அபாயமாகக் குறையும் என்பதையும் எழுதினார். டிஜாக்சின் என்று இன்றும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் மாத்திரை அந்த வம்சத்தில் வந்ததுதான்.

1827-ல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் இன்னொரு வாசலைத் திறந்தார். நீர் கோத்த நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரண்டது. புரதம். அவர்கள் இறந்த பிறகு பார்த்தபோது சிறுநீரகம் கெட்டிருந்தது. அதுவரை எல்லாம் ஒரே நீர்க்கோவை என்றிருந்தது, அன்றிலிருந்து இதயத்தால் வருவது வேறு, சிறுநீரகத்தால் வருவது வேறு என்று பிரியத் தொடங்கியது. ஒரு கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மரியாதை கூடுகிறது.

இதே காலத்தில்தான் ஜெர்மனியில், ஹோமியோபதியைத் தொடங்கிய சாமுவேல் ஹானிமன் வேறொரு பாதையில் போனார். மெய்சன் நகரில் 1755-ல் பிறந்தவர். அன்றைய மருத்துவம் ரத்தத்தை வடிப்பதும் பாதரசம் கொடுப்பதுமாக இருந்ததைக் கண்டு மனம் வெறுத்தவர். அந்த வெறுப்பு நியாயமானது. 1790-ல், மலேரியாவுக்கு அன்று கொடுத்துவந்த சிங்கோனா பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார், காய்ச்சல் போன்ற குறிகள் வந்தன என்று எழுதினார். ஆரோக்கியமானவரிடம் எந்தக் குறியை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே குறியுள்ள நோயாளியை அது குணமாக்கும் என்று அதிலிருந்து முடிவுக்கு வந்தார். 'ஒத்ததை ஒத்தது குணமாக்கும்' என்பது இதுதான். 1796-ல் இதைக் கட்டுரையாகவும், 1810-ல் 'ஆர்கனான்' என்ற நூலாகவும் வெளியிட்டார்.

வீக்கத்தை ஹோமியோபதி எப்படிப் பார்க்கிறது?

இங்கே நோயின் பெயர் முக்கியமில்லை, குறிகளின் தொகுப்புதான் முக்கியம். ஹோமியோபதி மருத்துவர்கள் நோயாளியைத் துயரர் என்பார்கள். உயிராற்றல் நிலைகுலைந்திருக்கிறது, குறிகள் அதன் மொழி என்பது அவர்கள் கொள்கை. அதனால்தான் அத்தனை கேள்விகள்.

வீக்கத்துக்கு அடிக்கடி பேசப்படும் மருந்து ஏபிஸ் மெல்லிஃபிகா, அதாவது தேனீ. தேனீ கொட்டிய இடம் எப்படி இருக்கும்? உப்பி, சிவந்து, பளபளவென்று, சுருக்சுருக்கென்று குத்தும், ஈரத்துணி வைத்தால் இதமாக இருக்கும். அந்த மாதிரி வீக்கம், அதோடு தாகமும் இல்லை என்றால் ஏபிஸ். தீராத தாகம், குடித்த தண்ணீர் வாந்தியாகிறது என்றால் அபோசைனம். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் கேட்கிறார், பதற்றம், நள்ளிரவுக்குப் பின் மூச்சுத்திணறல் என்றால் ஆர்சனிகம் ஆல்பம். மேல் இமைக்கும் புருவத்துக்கும் நடுவில் பை மாதிரி வீங்கினால் காலி கார்ப். இந்த வரிசையில் வரும் நேட்ரம் மூரியாடிகம் என்பது நம் சமையல் உப்பேதான். நாடி மெதுவாக ஓடும் இதயநோய் வீக்கத்துக்கு டிஜிட்டாலிஸ் என்று எழுதியிருப்பார்கள், விதரிங்கின் அதே செடி. இதன் கிளையான, தாது உப்புகளை மட்டும் கொடுக்கும் பயோகெமிக் முறையை 1870-களில் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் ஷூஸ்லர், உடம்பில் மிஞ்சிய நீரை வெளியேற்ற நேட்ரம் சல்ஃப் என்றார்.

படித்துப் பார்த்தால் ஒரு ஈர்ப்பு இருக்கிறது. மனிதரை முழுசாகப் பார்க்கும் கண் இதில் உண்டு. ஆனால் சிக்கலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இமை வீக்கம் சிறுநீரகத்தாலும் வரும், ஒவ்வாமையாலும் வரும், தைராய்டாலும் வரும், முந்தின இரவு அழுதுவிட்டுத் தூங்கினாலும் வரும். வீக்கத்தின் தோற்றத்தையும் தாகத்தையும் வைத்து மருந்தைத் தேர்ந்துவிடலாம். காரணத்தைத் தேர முடியாது. பிரைட்டின் கரண்டி சொன்னதை எந்தக் கேள்வியும் சொல்லாது.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது?

மூல மருந்தை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்தது மதர் டிங்சர். அதில் ஒரு சொட்டு, 99 சொட்டு ஆல்கஹாலோடு சேர்த்துக் குலுக்கினால் 1சி. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி 99 சொட்டில் கலந்தால் 2சி. இதை வீரியப்படுத்துதல் என்கிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30சி என்பது இதை முப்பது தடவை செய்தது. அதாவது ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு.

வேதியியல் படித்தவர்களுக்கு அவகாட்ரோ எண் நினைவிருக்கும். ஒரு மோல் பொருளில் உள்ள மூலக்கூறுகள் ஆறுக்குப் பின் 23 சைபர் அளவு. 12சி என்றாலே ஒன்றுக்குப் பின் 24 சைபர், ஆக அதைத் தாண்டினாலே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு அரிது. 30சி-யில்? நாம் நிற்கும் இந்த பூமி முழுவதிலும் உள்ள அணுக்களை எண்ணினாலே ஒன்றுக்குப் பின் சுமார் ஐம்பது சைபர்தான் வரும். சரி, மூலக்கூறு இல்லாவிட்டாலும் அதன் ஆற்றல் கரைசலில் பதிந்திருக்கிறது என்பது ஹோமியோபதியின் பதில். அப்படி ஒரு பதிவு தங்கி உடம்பில் வேலை செய்கிறது என்று நம்பகமான சோதனை எதுவும் காட்டவில்லை.

மருந்து வேலை செய்கிறதா என்பதை வேறு வழியிலும் பார்க்கலாம், கொள்கையை விட்டுவிட்டு விளைவை மட்டும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சலித்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015-ல் அறிவித்தது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் அறிவியல் குழு 2010-லேயே ஏறக்குறைய இதையே சொன்னது. பிரான்ஸ் 2021 தொடக்கத்திலிருந்து ஹோமியோபதி மருந்துச் செலவை அரசுக் காப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டது. இந்தியாவில் நிலை வேறு. 1973 சட்டத்திலிருந்து அங்கீகரிக்கப்பட்ட முறை, அதற்கென்று பட்டப்படிப்பு, மதுரை திருமங்கலத்தில் அரசுக் கல்லூரியே உண்டு. அந்தப் படிப்பில் உடற்கூறியலும் நோய்க்குறியியலும் இருக்கின்றன. அதனால் நல்ல ஹோமியோபதி மருத்துவர் வீங்கிய காலைப் பார்த்ததும் முதலில் ரத்தமும் சிறுநீரும் சோதித்து வரச் சொல்வார். அப்படிச் சொல்பவர்களை எனக்குத் தெரியும். சட்டத்தின் அங்கீகாரம் ஒன்று, மருந்து வேலை செய்கிறது என்ற நிரூபணம் இன்னொன்று, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

"அப்புறம் எப்படி எனக்குக் குறைந்தது?" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. குறைந்திருக்கும். கால் வீக்கம் ஒரே சீராக நிற்பதில்லை. ராத்திரி படுத்தால் காலையில் வடியும், நாள் முழுக்க நின்றால் ஏறும். பஸ்ஸில் எட்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ஏறும். கோடையில் கூடும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் உப்பும், வந்ததும் இறங்கும். வீக்கம் உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடிப் போகிறோம், அதற்கடுத்த நாட்களில் அது இறங்கத்தான் செய்யும். மருந்தோடு உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், காலைத் தூக்கி வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் நம் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டதே பாதி பாரத்தை இறக்கிவிடும். பெரியம்மா இன்றைக்கும் அந்த மருத்துவரைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்கிறார். அத்தனை நேரம் அவரை வேறு யாரும் கேட்டதில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பம் ஐந்து மாதம் தாண்டியவருக்கு முகமும் கையும் உப்பி, தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றைக்கே பிரஷரும் சிறுநீரும் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காலையில் இமை உப்பி, சிறுநீர் நுரைத்துக் குறைந்தால் சிறுநீரகம். தேனீயோ குளவியோ கொட்டி உதடு, நாக்கு வீங்கினால் ஏபிஸ் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, அதற்கு அட்ரினலின் ஊசிதான். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த அவசரம் எதுவும் இல்லாத வீக்கத்துக்கும் முதல் படி சோதனைதான். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், அல்புமின், ஹீமோகுளோபின், தைராய்டு, தேவைப்பட்டால் எக்கோ என்னும் இதய ஸ்கேன். நீர் மாத்திரையைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட வேண்டாம். ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை நீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும், பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

இத்தனைக்குப் பிறகும் சீனி உருண்டை சாப்பிட விரும்பினால் அது உங்கள் விருப்பம். 30சி உருண்டையால் நேரடிக் கெடுதல் பெரும்பாலும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கணக்கில் வைத்தால் போதும். ஆனால் மதர் டிங்சர் அப்படியில்லை, அதில் நிஜமாகவே மருந்துப் பொருள் இருக்கிறது. அபோசைனம், டிஜிட்டாலிஸ், கான்வலாரியா என்ற மூன்று செடிகளிலும் இதயத்தைத் தாக்கும் பொருட்கள் உண்டு. டிஜாக்சின் சாப்பிடும் ஒருவர் அதோடு இந்தச் சொட்டுகளையும் சேர்த்தால் விதரிங் எச்சரித்த அதே வாந்தியும் நாடிக் குறைவும் வரக்கூடும். சீசாவில் பெயருக்குப் பக்கத்தில் 'க்யூ' என்று போட்டிருந்தால் அது மதர் டிங்சர். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தச் சீசாவையும் அதே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெரியம்மா இப்போது அப்படித்தான் செய்கிறார். மஞ்சள் துணிப்பை ஒன்று, அதற்கென்றே கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.